முதலுக்கு யார் பொறுப்பு?

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 31 இரவில் படித்திருவிழா. படிக்கொரு பாட்டுப் பாடியபடி ஏறுவார்கள். ஏறுகிறவர் ஏறட்டும், நம்பாதவர் அடிவாரத்தில் தேநீர் அருந்தட்டும். இன்று நம் பேச்சு அதைப்பற்றியல்ல. மலைமேல் உண்டியலில் விழும் காசு, கீழே இறங்கி எங்கே போகிறது? அதைத்தான் கேட்கப் போகிறோம்.

செலவு போக மிஞ்சுவது வங்கியில் நிரந்தர வைப்பாகப் போகிறது. அறநிலையத்துறைக் கோயில்களின் நடைமுறை அது. ஆண்டவன் காசைச் சீட்டுக் கம்பெனியில் போட்டதாக எந்த நிர்வாக அதிகாரியைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் திருப்பதி. அங்கே குடியிருப்பவருக்குத் தெலுங்கில் ஒரு பெயர் உண்டு: வட்டிக்காசுலவாடு. வட்டிக்காசுக்காரர்! பத்மாவதியை மணக்கக் குபேரனிடம் கடன் வாங்கினாராம். கலியுகம் முடியும்வரை வட்டி கட்டிக்கொண்டே இருப்பாராம். கல்யாணக் கடன் கடவுளையே விடவில்லை என்று கதை கட்டியவன், கடன்பட்ட வீட்டில் பிறந்தவனாகத்தான் இருக்கவேண்டும். கதை கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 2022 நவம்பரில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. வங்கிகளில் நிரந்தர வைப்பு 15,938 கோடி ரூபாய். தங்கம் 10 டன்னுக்கு மேல். அந்தப் பணத்தை ஆந்திர அரசின் பத்திரங்களில் போடப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. உடனே, இல்லை, இல்லவே இல்லை என்று தேவஸ்தானம் மறுத்தது. ஒரு மாநில அரசின் பத்திரம் என்றதற்கே அவ்வளவு பதற்றம்!

ஏழுமலையானின் காசுக்கு அவ்வளவு எச்சரிக்கை. அந்த உண்டியலில் பத்து ரூபாய் போட்டுவிட்டு வந்த தறித் தொழிலாளி, தன் வீட்டு ஒரு லட்சத்தை எங்கே போட்டான்?

அதே 2022-ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற நிறுவனத்தின் இடங்களில் பொருளாதாரக் குற்றப்பிரிவுப் போலீசார் சோதனை நடத்தினர். மாதம் நூற்றுக்கு 25 முதல் 30 வரை வட்டி தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் போலீஸ் கணக்கு. கொஞ்ச நாளில் காட்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.எப்.எஸ். என்ற நிறுவனத்தின் கதையும் வெளிவந்தது. அங்கே வசூல் ஏறத்தாழ 6,000 கோடி என்றார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். போட்டவன் யார் என்பது நமக்குத் தெரியும். பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறி ஓட்டுகிறவனைப் போன்றவன். அரக்கோணத்தில் ரயில் மாறிச் சென்னைக்குப் போய் இரவு பத்துக்குத் திரும்புகிறவனைப் போன்றவன். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய லாரியில் கிளீனராகப் போனவனைப் போன்றவன். நம்மவன்!

அவனிடம் போய்க் கேட்டவன் யார்? வெளியூரானா? அல்ல, அவனும் நம்மவன்தான். உறவுக்காரன்.

"இன்னா மாமா, இன்னும் போஸ்ட் ஆபீசுலயே போட்டுக்கினு இருக்கே? அவன் வருசத்துக்கு ஏழு குடுக்கறான். நான் மாசத்துக்கு இருபத்தஞ்சு வாங்கித் தரேன்."

"யாருப்பா தர்றது?"

"கம்பெனி, மாமா. மெட்ராசுல ஏசி ஆபீசு. நம்ப தெருவுல பாதிப் பேரு போட்டாச்சு. போன மாசம் உன் மச்சானுக்கே வந்துச்சே, பாக்கல?"

இப்படித்தான் பேச்சு நடந்திருக்கும். இதில் அந்த மாமா கேட்ட கேள்வியைக் கவனியுங்கள். 'யார் தருவது?' பொருளாதாரம் படித்த பட்டதாரி கேட்கவேண்டிய கேள்வியைத் தறிக்குழியில் நிற்பவன் கேட்டுவிட்டான். 'கம்பெனி' என்று வந்த பதிலோடு நிறுத்திக்கொண்டானே, அதுதான் வினை. மச்சானுக்கு வந்தது என்ற ஒரே சாட்சியில் வழக்கு முடிந்துவிட்டது.

பேராசைக்காரன், பட்டால்தான் புத்தி வரும் என்று நாற்காலியில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொல்லும் மேதாவிகள் உண்டு. அவர்களை நான் ஏற்பதில்லை. வங்கிக்குப் போனால் அரை நாள் கூலி போகிறது. படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனால் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் முகம் சுளிக்கிறார். கம்பெனிக்காரனோ வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, 'மாமா' என்று அழைத்து, குழந்தைக்கு பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிப் போகிறான். மதித்தவன் பக்கம் மனம் சாய்வது குற்றமா? ஆகவே ஏசுவதை விட்டுக் கணக்குப் பேசுவோம்.

முதலில் ஒரு மொழிச் சிக்கல். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊர் இது. இரண்டு மொழிக்கும் வட்டி என்ற சொல் பொது. ஆனால் தெருவில் பேசும் வட்டி வேறு, வங்கியில் பேசும் வட்டி வேறு. தெருவில் 'மூணு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36. வங்கியிலும் அஞ்சலகத்திலும் 'ஏழரை' என்றால் நூற்றுக்கு ஆண்டு முழுவதற்கும் ஏழரை ரூபாய். மாதக் கணக்கில் பார்த்தால் அறுபத்திரண்டரைக் காசுதான்! தெருக்கணக்குப் பழகிய காதுக்கு ஏழரை என்பது பெரிதாகவும், இருபத்தைந்து என்பது அதைவிட மூன்று மடங்கு மட்டுமே பெரிதாகவும் கேட்கிறது. உண்மையில் மாதம் இருபத்தைந்து என்றால் ஆண்டுக்கு முந்நூறு. ஏழரைக்கு முந்நூறு, நாற்பது மடங்கு! மாதமா, ஆண்டா என்று ஒரு சொல் கேட்டிருந்தால் பாதித் திரை விலகியிருக்கும்.

இப்போது முப்பது வட்டிக்காரனை எதிரே நிறுத்தி ஒரு கேள்வி கேட்போம். ஐயா, மாதம் நூற்றுக்கு முப்பது ஈட்டித் தரும் வித்தை உமக்குத் தெரியும் என்கிறீர். உம் கையில் ஒரு லட்சம் இருக்காதா? அதை வட்டியோடு சேர்த்துச் சேர்த்துச் சுழற்றும். ஓராண்டில் 23 லட்சம். இரண்டாண்டில் 5 கோடிக்கு மேல். மூன்றாண்டில் 126 கோடி! இந்த வித்தை கைவந்தவர் திருத்தணித் தெருவில் தறிக்காரன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு லட்சம் கேட்பானேன்?

அப்படியானால் மச்சானுக்குப் பணம் எப்படி வந்தது? அதையும் கணக்கிடுங்கள். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி. மறு மாதம் அவர்களுக்கு வட்டி கொடுக்க 30 லட்சம் வேண்டும். தொழில் எதுவும் இல்லாத கம்பெனிக்கு அது எங்கிருந்து வரும்? புதிதாக முப்பது பேர் வந்தாகவேண்டும். அடுத்த மாதம் 130 பேருக்கு வட்டி. இன்னும் 39 பேர் வேண்டும். இப்படியே போனால் ஓராண்டில் 2,300 பேர். இரண்டாண்டில் 54,000 பேர். திருத்தணி நகரத்தின் மக்கள் தொகை 2011 கணக்கெடுப்பில் 45,000-ஐ ஒட்டி. அதாவது, இரண்டாண்டுக்குள் தொட்டில் குழந்தை உட்பட இந்த ஊரே போட்டு முடித்திருக்கவேண்டும். 52-ஆவது மாதம் எட்டுக் கோடியைத் தாண்டும். தமிழ்நாட்டின் மொத்த மக்கள் தொகையே 2011-இல் ஏழு கோடியே இருபது லட்சம்தான். கம்பெனி நடத்துகிறவனுக்கு இந்தக் கணக்கு முதல் நாளே தெரியும். எந்த மாதத்தில் கடையைப் பூட்டுவது என்பது மட்டும்தான் அவன் யோசிக்கும் விஷயம். மச்சானுக்கு வந்த பணம் லாபமன்று. பின்னால் வந்தவனின் முதல். அந்தப் பின்னால் வந்தவன் சில சமயம் மச்சானின் தங்கை புருஷனாகவே இருப்பான்.

இது புதிய நோயுமல்ல. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. வெள்ளைக்காரன் கம்பெனி, நூறாண்டுப் பெயர், மற்றவரைவிடக் கூடுதல் வட்டி. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் போட்ட பணம் போயிற்று. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல். அந்த வீழ்ச்சியின் சாம்பலில்தான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. பிறகு 1998-இல் தேக்கு மரம் வளர்த்துத் தருவதாகச் சொன்ன அனுபவ் நிறுவனம் சரிந்தது. பெயரிலேயே அனுபவம் இருந்தது. போட்டவருக்குக் கடைசியில் மிஞ்சியதும் அதுதான்.

சரி, உத்தரவாதம் என்றால் என்ன? அந்தச் சொல்லைச் சுவரில் எவன் வேண்டுமானாலும் எழுதலாம். சுண்ணாம்புக்குத்தான் காசு, சொல்லுக்குக் காசில்லை. பணம் வாங்கியவன் கைவிட்டால் வேறு யார் தருவார், அவரால் தர முடியுமா, தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அது உத்தரவாதம். இல்லையேல் அது விளம்பரம்.

அஞ்சலகத்தை எடுத்துக்கொள்வோம். 1882 முதல் இந்த நாட்டில் அஞ்சலகச் சேமிப்பு வங்கி இருக்கிறது. அதன் பின்னால் நிற்பது ஒன்றிய அரசின் கருவூலம். ஒன்றிய அரசோடு நமக்கு ஆயிரம் வழக்கு உண்டு. நிதிப் பங்கீட்டில் உண்டு, மொழியில் உண்டு, உரிமையில் உண்டு. அந்த வழக்குகளை ஒருநாளும் விடப்போவதில்லை. ஆனால் அஞ்சலகப் பாஸ் புத்தகத்தில் இருக்கும் அதன் கையெழுத்துக்கு இன்றுவரை மதிப்புக் குறைந்ததில்லை. ஆயிரம் ரூபாய் இருந்தால் கால வைப்பு தொடங்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து ஆண்டு என நான்கு தவணை. 2025-இல் ஓராண்டு வைப்புக்கு நூற்றுக்கு 6.9, ஐந்தாண்டுக்கு 7.5. ஐந்தாண்டு தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கு 7.7, அதன்படி 10,000 ரூபாய் ஐந்தாண்டு முடிவில் 14,490 ஆகும். அறுபது நிறைந்த முதியவர்களுக்கான திட்டத்துக்கு 8.2. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிதி அமைச்சகம் புதிய விகிதத்தை அறிவிக்கும். ஆனால் நீங்கள் வைப்பு வைத்த நாளில் என்ன விகிதமோ, இந்தத் திட்டங்களில் அதுவே கடைசிவரை. நடுவில் விகிதம் இறங்கினாலும் உங்கள் வட்டியில் கைவைக்க முடியாது. 'நிரந்தரம்' என்பதன் பொருள் இதுதான்.

மொத்தமாக ஆயிரம் இல்லையென்றால்? மாதம் நூறு ரூபாயில் தொடர் வைப்பு உண்டு. மாதம் 500 வீதம் ஐந்தாண்டு கட்டினால் போட்டது 30,000. 2025-இன் விகிதமான 6.7-இல் திரும்புவது 35,600-க்கு மேல். வீடு தேடி வந்து வசூலிக்கும் அஞ்சலக முகவர்களும் உண்டு, பெரும்பாலும் பெண்கள். கொடுங்கள், ஆனால் மாதந்தோறும் பாஸ் புத்தகத்தில் பதிவாகிறதா என்று பாருங்கள். முகவரின் நோட்டில் எழுதியது அரசின் கையெழுத்து ஆகாது.

வங்கியின் கதை கொஞ்சம் வேறு. வங்கி என்றாலே அரசு பொறுப்பு என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். திருத்தணி தமிழகத்தோடு இணைந்த நாள் 1960 ஏப்ரல் 1. எல்லைப் போராட்டத்தில் சிறை சென்றவர்கள் அந்த மகிழ்ச்சியில் இருந்த அதே ஆண்டு ஆகஸ்டில், கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. சிறு வங்கியுமல்ல, அந்த மாநிலத்தின் பெரிய வங்கி. போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். அந்தக் கூக்குரலின் விளைவாகத்தான் 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. தொடக்கத்தில் காப்பீடு 1,500 ரூபாய்க்கு மட்டும். 1993-இல் ஒரு லட்சம். பிறகு இருபத்தேழு ஆண்டு அசையவே இல்லை! பம்பாயில் ஒரு கூட்டுறவு வங்கி 2019-இல் முடங்கி, முதியவர்கள் வாசலில் நின்று அழுத பிறகுதான் 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ஆயிற்று. இந்தக் காப்பீட்டை நடத்துவது ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான ஒரு கழகம். ஆம், இதுவும் ஒரு கழகம்தான், ஆனால் கொடியும் கூட்டமும் கிடையாது.

ஐந்து லட்சம் என்பதன் நுணுக்கத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஒருவருக்கு, ஒரு வங்கியில், எல்லாக் கிளைகளும் சேர்த்து, முதலும் வட்டியும் கூட்டி, ஐந்து லட்சம். திருத்தணிக் கிளையில் நான்கு, அரக்கோணம் கிளையில் நான்கு என்று ஒரே வங்கியில் பிரித்துப் போட்டாலும் காப்பீடு ஐந்துக்குத்தான். வேறு வேறு வங்கியில் போட்டால் தனித்தனி ஐந்து. இதற்குப் போட்டவர் எந்தக் கட்டணமும் கட்டவேண்டாம், வங்கியே கட்டுகிறது. 2021-இல் சட்டம் திருத்தப்பட்டு, ரிசர்வ் வங்கி ஒரு வங்கியை முடக்கினால் தொண்ணூறு நாளுக்குள் காப்பீட்டுத் தொகை கைக்கு வரவேண்டும் என்று ஆயிற்று.

கரூரில் 1926-இல் வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று அந்த முடக்கம் வந்தது. 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்றார்கள். தமிழகம் பதறியது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்பு வைத்தவருக்கு ஒரு காசும் குறையவில்லை. ஆனால் அதே வங்கியின் பங்குகளை வாங்கி வைத்திருந்தவருக்கு? சுழி! ஒரே வங்கி, ஒரே பெயர்ப்பலகை. ஆனால் கையில் இருந்த காகிதம் வேறு. ஆகவே பணம் கட்டும்போது, இது வைப்பா, பங்கா, கடன் பத்திரமா, இன்ஷூரன்ஸ் பாலிசியா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நிரந்தர வைப்பு வைக்கப்போன பெரியவர் கையில் பத்தாண்டு கட்டவேண்டிய இன்ஷூரன்ஸ் பாலிசியைத் திணித்து அனுப்புவதும் இந்நாட்டில் நடக்கிறது.

ஊரில் 'சொசைட்டி' என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறதே, அது இந்த ஐந்து லட்சக் காப்பீட்டுக்குள் வராது. மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி வரும், சங்கம் வராது. சங்கம் கெட்டது என்று சொல்லவில்லை, எத்தனையோ உழவர்களைக் கந்துவட்டியிலிருந்து மீட்டது அது. காப்பீடு எங்கே உண்டு, எங்கே இல்லை என்பது தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவே. தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமான மின்விசை நிதி நிறுவனமும் போக்குவரத்து வளர்ச்சி நிதிக் கழகமும் பொதுமக்களிடம் ஆண்டுக்கணக்கில் வைப்பு வாங்கி வந்திருக்கின்றன; பெரும்பாலும் வங்கியைவிடச் சற்றுக் கூடுதல் வட்டி. அவற்றுக்கும் அந்தக் காப்பீடு கிடையாது. உரிமையாளர் மாநில அரசு என்ற நம்பிக்கையே அங்கே பிணை. நம் அரசாயிற்றே என்று கண்ணை மூடிக்கொள்ள நான் சொல்லமாட்டேன்.

சீட்டுப் பிடிப்பவர் கேட்பார்: அப்படியானால் சீட்டே கூடாதா? 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்டுச் சட்டப்படி பதிவான சீட்டுக்குப் பதிவாளரிடம் பிணைத்தொகை உண்டு. கேட்க ஆள் உண்டு. பதிவில்லாத தீபாவளிச் சீட்டுக்கு, பிடிப்பவரின் முகம்தான் பிணை. ஐப்பசி பிறந்ததும் அந்த முகம் எத்தனை ஊரில் காணாமற் போயிருக்கிறது!

இனி, 'காலம்' என்ற சொல்லுக்கு வருவோம். கால வைப்பு என்றால் காலம் முடியும்வரை தொடமாட்டேன் என்று நீங்கள் தரும் வாக்கு. அந்த வாக்குக்குத்தான் கூடுதல் வட்டி. அஞ்சலகத்தின் ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுக் கால வைப்பை ஆறு மாதத்துக்குள் எடுக்க முடியாது. ஆறு மாதம் கடந்து ஓராண்டுக்குள் எடுத்தால் சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டிதான், நூற்றுக்கு 4. தேசிய சேமிப்புப் பத்திரமோ ஐந்தாண்டுக்கு அசையாது. ஆகவே மொத்தப் பணத்தையும் ஒரே ரசீதில் பூட்டாதீர்கள். ஐம்பதாயிரம் இருந்தால் ஐந்து பத்தாயிரமாக, ஐந்து தேதியில் முடிகிறமாதிரி வையுங்கள். மருத்துவமனைச் செலவு வந்தால் ஒன்றை உடைத்தால் போதும். மற்ற நான்கும் வளரும். உடைப்பதைவிட, அந்த ரசீதையே வங்கியில் ஈடு வைத்துக் கடன் வாங்குவது பலநேரம் மலிவு. அடகுக்கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முடிந்த வைப்பைப் புதுப்பிக்காமல் வங்கியில் கிடக்கவிட்டால், சேமிப்புக் கணக்கின் வட்டி அல்லது பழைய வட்டி, எது குறைவோ அதுதான் தருவார்கள். 2021-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி அது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. உத்தரவாதமான வட்டி ஒருவரையும் பணக்காரராக்காது. 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று தெரியும். ஏழரைக்கு ஒன்பதரை ஆண்டுக்குச் சற்று மேல். கிசான் விகாஸ் பத்திரத்தில் அரசே சொல்லும் கணக்கும் அதுதான்: 115 மாதம். அதற்குள் அரிசி விலையும் பள்ளிக் கட்டணமும் எங்கே போயிருக்கும்? விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து ஏறினால், உங்கள் ஏழரையில் ஐந்து அதற்கே போய்விடும். மிஞ்சுவது இரண்டரை. சந்தை ஏறும்போது பங்கில் போட்டவன் உங்களைப் பார்த்துச் சிரிப்பான். சிரிக்கட்டும். மகளின் கல்லூரிக் கட்டணம் ஜூன் மாதம் கட்டவேண்டும் என்றால், அந்த ஜூனில் சந்தை விழுந்திருந்தால் அவன் சிரிப்பும் விழுந்திருக்கும். தேதி தெரிந்த செலவுக்கான பணத்துக்கு, தேதி தெரிந்த வைப்புத்தான் இடம்.

இன்னொன்று. தண்டல் கடனைத் தோளில் சுமந்துகொண்டு நிரந்தர வைப்பு வைப்பவர்களை இந்த ஊர்ப்பக்கம் பார்க்கலாம். பத்தாயிரம் என்று பேசி, 1,500-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுக்கிறான் தண்டல்காரன் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டவேண்டும். முதல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டும். அங்கே நூறு கட்டிக்கொண்டு, இங்கே ஏழரை வாங்குவதற்குப் பெயர் சேமிப்பா? முதலில் தண்டலை அடையுங்கள். நூற்றுக்கு நூறு மிச்சப்படுத்தித் தரும் உத்தரவாதமான திட்டம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். ஏசி ஆபீசுக்காரனும் அதை மிஞ்ச முடியாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 1997-இல் தமிழ்நாடு சட்டமன்றம் வைப்பீட்டாளர் நலன் காக்கும் சட்டம் செய்தது. வைப்பு வாங்கி ஏமாற்றிய நிறுவனத்தின் சொத்தைப் பறிமுதல் செய்து, தனி நீதிமன்றத்தின் மூலம் விற்று, போட்டவர்களுக்குப் பங்கிட வழி செய்யும் சட்டம். 2011-இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. 2019-இல் ஒன்றிய அரசும் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் இந்தப் பங்கு கைக்கு வர ஆண்டுகள் பல ஆகும். முழுதாக வரும் என்று யாரும் சொல்ல முடியாது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்தில் புகார் கொடுத்திருந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் ஏராளம். ரசீது, வங்கி மூலம் அனுப்பிய பதிவு, முகவர் அனுப்பிய செய்தி, எதையும் அழிக்காதீர்கள்.

கடைசியாக, வைப்பு வைத்தவர் இறந்தால் என்ன? ரசீது பெட்டிக்குள் கிடக்கும், மனைவிக்குத் தெரியாது, பிள்ளை வெளியூரில். பத்தாண்டு எவரும் கேட்காவிட்டால், 2014-இல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய தனி நிதிக்குப் பணம் போய்விடும். அப்போதும் உரியவர் கேட்டால் கிடைக்கும். எந்த வங்கியில் கிடக்கிறது என்று தேட 2023 முதல் 'உத்கம்' என்ற இணையதளம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போகவிடுவானேன்? வைப்பு வைக்கும்போதே வாரிசு நியமனப் படிவத்தில் பெயர் எழுதலாம். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நியமிக்கலாம். திருமணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதிவிட்டு, தாய் மறைந்து பதினைந்தாண்டு ஆன பின்னும் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் நம் கிளைக் கூட்டத்திலேயே இருப்பார்கள். நாளைக் காலை பாஸ் புத்தகத்தை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.